மூளை கட்டப்படும் மாதங்கள்

மனிதனுடைய மூளையில் வயோதிகத்திலும் புதிய நியூரான்கள் முளைக்கின்றனவா இல்லையா என்ற கேள்வி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பத்திரிகைகளில் தலைகாட்டுவதும், அதைப் படித்துவிட்டு, அந்தி வேளையில் வாகனப் போக்குவரத்து நிறுத்தப்பட்ட நமது புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் உலாவ வருகிற பெரியவர்கள், வேகமாக நடந்தால் ஞாபகசக்தி வளருமாம் என்று ஒருவரையொருவர் உற்சாகப்படுத்திக்கொள்வதும், பார்க்கச் சந்தோஷமான விஷயங்களே. நடப்பது நல்லது, அதற்கு மூளையின் சாட்சியம் தேவையில்லை. ஆனால் நரம்பு ஸ்டெம் செல்களைப் பற்றி நம்மிடையே நடக்கும் பேச்சு முழுவதும் எழுபது வயதுக்காரரின் மூளையையே சுற்றிக்கொண்டிருக்க, அந்தச் செல்கள் தம்முடைய பெரும் பணியைச் செய்கிற காலமாகிய கர்ப்பவாச மாதங்களைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை என்பது எனக்கு விசித்திரமாகப் படுகிறது. பேச்சு போகும் வழியில்தான் பணமும் போகிறது. நம்பிக்கையை விற்கிற கடைகளுக்கு லட்சங்கள் போய்ச் சேர, கருவில் இருக்கும் மூளைக்குக் காசுக் கணக்கில் ஆகக்கூடிய காரியங்கள் செய்யப்படாமலே நின்றுவிடுகின்றன. புதுச்சேரி இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதும், மாற்றுவதற்கு வேண்டிய சாதனங்களில் பல கோரிமேட்டிலும் இந்திரா நகரிலும், சற்று வடக்கே மரக்காணத்து உப்பளங்களிலும் ஏற்கெனவே இருக்கின்றன என்பதுமே நான் இங்கே சொல்ல வந்தது.

அந்தப் பெரும் பணி எத்தகையது என்பதைக் கண்ணால் காண விரும்புகிறவர்களுக்கு இப்போது ஒரு வழி உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் 2022இல் தொடங்கப்பெற்ற சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கர்ப்பத்தின் நடுப்பகுதியைச் சேர்ந்த சிசு மூளைகளை மயிரிழையிலும் மெல்லிய சீவல்களாக அரிந்து, சாயமேற்றி, படமெடுத்து, 5,132 சீவல்களைக் கொண்ட தொகுதியைத் ‘தரணி’ என்ற பெயரில் 2024 டிசம்பரில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி வெளியிட்டது. இவ்வளவு நுட்பமான காரியம் பாரிசிலோ பாஸ்டனிலோ நடந்திருந்தால் நாம் வாயாரப் புகழ்ந்திருப்போம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரப் பயணத்தில் எட்டிவிடக்கூடிய இடத்தில் நடந்ததாலோ என்னவோ, நம்மில் பலருக்கு அதன் பெயர்கூடத் தெரியாது.

இந்தப் பருவத்து மூளையின் சீவலைப் பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவது, நடுவே திரவம் நிறைந்த அறைகளின் சுவரையொட்டி, மற்றெல்லாப் பகுதிகளையும்விடச் சாயத்தை அதிகமாக உறிஞ்சிக் கருத்து நிற்கும் ஒரு பட்டை. அதுதான் நரம்பு ஸ்டெம் செல்களின் இருப்பிடம். தொடக்கத்தில் அவை ஒன்று இரண்டாகவும், இரண்டு நான்காகவும் தம்மையே பெருக்கிக்கொள்கின்றன. போதிய தொகை சேர்ந்த பிறகு போக்கு மாறுகிறது. அப்போது ஒரு செல் பிளவுபடுகையில் ஒரு பங்கு ஸ்டெம் செல்லாகவே தங்க, மறு பங்கு நியூரானாகும் வழியில் கிளம்புகிறது. கிளம்பிய அந்தச் செல் எங்கே போக வேண்டும், எப்படிப் போகும் என்பதற்கும் தாய்ச்செல்லே ஏற்பாடு செய்திருக்கிறது. அது தன் உடம்பிலிருந்து மூளையின் வெளிப்பரப்பு வரை நீண்ட ஒரு நாரை விட்டிருக்கிறது; பனையேறுகிறவர் மரத்தைக் கட்டித் தழுவி ஏறுவது போல, புதுச் செல் அந்த நாரைப் பற்றிக்கொண்டு மேலே ஏறித் தனக்குரிய அடுக்கில் போய் அமர்கிறது. முதலில் போனவை கீழ் அடுக்கில் தங்க, பின்னால் வந்தவை அவற்றைத் தாண்டி மேலே போகின்றன என்பது இன்னும் வியப்பானது. இந்த நார்களைப் பற்றி ஏறும் காட்சியை பாஸ்கோ ராகிச் 1972இல் குரங்குச் சிசுவின் மூளையில் விவரித்தார். ஆனால் நாரை விட்டிருக்கும் செல்லே நியூரான்களைப் பெறும் தாய் என்பது 2001ஆம் ஆண்டு வாக்கில்தான் உறுதிப்பட்டது. அதுவரை அதை வெறும் சாரம் கட்டும் செல் என்றே எண்ணியிருந்தார்கள்.

இவ்வளவு நுணுக்கமான ஏற்பாட்டில், பிளவின் வேகம் சற்றுக் குறைந்தாலும், செல்கள் அகாலத்தில் மடிந்தாலும், ஏறும் வழி தடைப்பட்டாலும், அதன் விளைவைப் பின்னால் எந்த வைத்தியராலும் முழுவதும் சரிசெய்ய முடியாது. வளர்ந்த மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றுள் சிந்தனைக்கும் பேச்சுக்கும் உரிய பெருமூளைப் புறணியில் உள்ளவை சுமார் 1,600 கோடி. அவை ஏறத்தாழ முழுவதும் பிறப்பதற்கு முன்பே உண்டாகிவிடுகின்றன. எண்ணிக்கையில் பெரும்பகுதியைக் கொண்ட சிறுமூளையில் மட்டும் உற்பத்தி குழந்தை பிறந்த பிறகும் முதல் ஆண்டில் தொடருகிறது. அதற்குப் பின் கடை கட்டியாயிற்று என்றே நெடுநாள் நம்பினார்கள்.

இந்த நம்பிக்கைக்கு அதிகார முத்திரை வைத்தவர் ஸ்பெயின் தேசத்து ராமோன் இ காஹால். நரம்பு மண்டலத்தின் நுண்ணமைப்பை வகுத்துக் காட்டியதற்காக 1906இல் நோபல் பரிசைப் பங்கிட்டுப் பெற்ற அந்தப் பெரியவர், வளர்ந்த மூளையில் உள்ளவை சாகலாமே தவிரப் புதியவை பிறப்பதில்லை என்ற கருத்தைச் சொல்லிவிட, அது அரை நூற்றாண்டுக் காலம் வேதவாக்காக இருந்தது. 1960களில் அமெரிக்காவில் ஜோசப் ஆல்ட்மன், பிளவுபடும் செல்களில் மட்டும் சேரக்கூடிய கதிரியக்கப் பொருளை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்து, ஞாபகத்துக்கு உரிய ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் பிறந்த பின்னும் நியூரான்கள் உண்டாகின்றன என்று எழுதினார். 1965இல் வெளிவந்த அந்தப் புகழ்பெற்ற கட்டுரையில் அவர் பெயருக்கு அடுத்தபடி நிற்பது கோபால் தாஸ் என்ற பெயர். நமது பாடப்புத்தகம் எதிலும் நான் அதைக் கண்டதில்லை. ஆல்ட்மனை அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை. பிறகு 1980களில் கானரிப் பறவைகளின் மூளையில் பெர்னாண்டோ நாட்டெபோம் அதையே கண்டார்; 1992இல் ரெய்னால்ட்ஸும் வைஸும் வளர்ந்த சுண்டெலியின் மூளையிலிருந்தே ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்துக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்த்தார்கள்; 1998இல் எரிக்சனும் கேஜும், தம் கட்டியின் வளர்ச்சியை அளப்பதற்காக ஓர் அடையாளப் பொருள் செலுத்தப்பெற்றிருந்த ஐந்து புற்றுநோயாளிகளின் மூளைகளை அவர்கள் இறந்த பிறகு ஆராய்ந்து, மனிதரிலும் இது உண்டு என்றார்கள்.

மிகச் சாமர்த்தியமான பரிசோதனை 2013இல் ஸ்வீடனிலிருந்து வந்தது. வல்லரசுகள் 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் ஆகாயத்தில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன்–14 மிகுந்து, தடை ஒப்பந்தத்துக்குப் பின் ஆண்டுதோறும் குறைந்து வந்தது. ஒரு செல் பிறக்கும்போது அதன் மரபுப் பொருளில் அந்த ஆண்டின் கார்பன் பதிந்துவிடுவதால், அதை அளந்தால் செல்லின் பிறந்த ஆண்டு தெரிந்துவிடும். நாசத்துக்காகச் செய்த காரியத்திலிருந்து இப்படி ஒரு பஞ்சாங்கம் கிடைத்தது. அந்தக் கணக்கின்படி, ஒரு பக்கத்து ஹிப்போகாம்பஸில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 700 நியூரான்கள் புதிதாகச் சேருகின்றன. ஆனால் 2018 மார்ச்சில் ஒரு குழுவினர், பதின்மூன்று வயதைத் தாண்டினால் ஒன்றும் தென்படவில்லை என்று எழுத, அடுத்த மாதமே மற்றொரு குழுவினர் எழுபது வயதிலும் தென்படுகின்றன என்று பதில் எழுதினார்கள். அடுத்த ஆண்டு மாட்ரிட் ஆராய்ச்சியாளர்கள், அல்சைமர் நோயாளிகளிடம் இந்த இளஞ்செல்கள் குறைந்துபோயிருப்பதைக் காட்டினார்கள். 2025 ஜூலையில் ஸ்வீடன் குழுவினரே, வளர்ந்தவர்களின் மூளையில் பிளவுபடும் நிலையிலுள்ள தாய்ச்செல்களை இனங்கண்டதாக வெளியிட்டார்கள். சிலரிடம் அவை நிறைய இருந்தன, சிலரிடம் இல்லவே இல்லை.

வழக்கு அநேகமாக ‘உண்டு’ என்ற பக்கம் சாய்கிறது என்றே வைத்துக்கொள்வோம். இரு பக்கமும் சேர்த்து நாளுக்கு 1,400 என்று ஐம்பது ஆண்டுகளுக்குக் கணக்குப் போட்டாலும் இரண்டரைக் கோடியைச் சற்றே தாண்டும். மொத்தமுள்ள 8,600 கோடியில் இது பதினாயிரத்தில் மூன்று பங்கு. தொகை சிறிதாயினும் ஞாபகத்துக்கு அவை முக்கியமாக இருக்கலாம்; அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சிதைந்த மூளையை இந்தச் சுரப்பைக் கொண்டு மீண்டும் கட்டிவிடலாம் என்று எவரேனும் சொன்னால், அவரிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

அப்படிச் சொல்லுகிறவர்கள் நாட்டில் நிறைய இருக்கிறார்கள். ஆட்டிசம், பெருமூளை வாதம், முதுகுத்தண்டு முறிவு, பார்கின்சன் என்று எதற்கெடுத்தாலும், நோயாளியின் எலும்பு மஜ்ஜையிலிருந்தோ வேறெங்கிருந்தோ எடுத்த செல்களை முதுகுத்தண்டில் ஊசி வழியாகச் செலுத்திக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்து, பெற்றோருடைய தவிப்பையே மூலதனமாக்கி நடத்தும் வியாபாரம் இது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், ரத்தம் சம்பந்தமான சில நோய்களுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்றைத் தவிர, வேறெந்த ஸ்டெம் செல் பிரயோகமும் அனுமதி பெற்ற பரிசோதனையாக மட்டுமே நடக்கலாம், சிகிச்சையாக விற்கப்படலாகாது என்று தெளிவாகக் கூறுகின்றன. 2022 டிசம்பரில் தேசிய மருத்துவ ஆணையம், ஆட்டிசத்துக்கு இதைச் சிபாரிசு செய்வதற்கில்லை என்றும், இதற்காக விளம்பரம் செய்வது தொழில் ஒழுக்கக் கேடு என்றும் அறிவித்தது.

பணம் போனால் போகட்டும், ஊறு ஒன்றும் இல்லையே என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறவர்கள் 2009இல் வெளிவந்த ஒரு வைத்தியக் குறிப்பை அறிந்திருக்க வேண்டும். நடையும் பேச்சும் தடுமாறும் ஒரு பரம்பரை நோயுள்ள இஸ்ரேலியச் சிறுவனுக்கு மாஸ்கோவில் மூன்று முறை, கருச்சிசுக்களிலிருந்து எடுத்த நரம்பு ஸ்டெம் செல்கள் செலுத்தப்பட்டன. முதல் தடவைக்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின் அவனுடைய மூளையிலும் முதுகுத்தண்டிலும் கட்டிகள் காணப்பட்டன. எடுத்து ஆராய்ந்தபோது அந்தக் கட்டியின் செல்கள் அவனுடையவையே அல்ல, கொடுத்தவர்களுடையவை என்று தெரிந்தது. பெருகுவதே இயல்பாக உள்ள செல்லைத் தகுந்த கட்டுப்பாடின்றி ஓர் உடம்பில் விட்டால் நேரக்கூடியது இது. நேர்மையான முயற்சி எவ்வளவு மெதுவாக நடக்கும் என்பதற்கு ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தார் 2018இல் தொடங்கிய பார்கின்சன் பரிசோதனை ஓர் அளவுகோல்: ஏழே நோயாளிகள், முதல் கேள்வி பாதுகாப்பு, முடிவு வெளிவந்தது 2025இல். அந்த ஆராய்ச்சி வளரட்டும். நம் கோரிமேடு ஜிப்மரைப் போன்ற நிறுவனங்களில் முறைப்படி நடக்கும் பரிசோதனைகளுக்கு அரசு தாராளமாகவே பணம் கொடுக்கட்டும். அது வேறு, இந்தக் கடைச்சரக்கு வேறு.

இனிக் கருவறைக்கு வருகிறேன். கருவுற்ற இருபத்தெட்டு நாட்களுக்குள் சிசுவின் முதுகுப்புறத்தில் ஒரு தகடு மடிந்து குழாயாக மூடிக்கொள்கிறது. அந்தக் குழாயின் சுவரே முதல் நரம்பு ஸ்டெம் செல்களால் ஆனது. மூளையும் தண்டுவடமும் அதிலிருந்துதான் உண்டாகின்றன. மேல் முனை மூடாவிட்டால் மண்டையோடும் மூளையும் உருவாகாத சிசு. கீழே மூடாவிட்டால் முதுகு பிளந்து, கால் வாதமும் சிறுநீர்க் கோளாறும் ஆயுள் முழுவதும் தொடரும் குழந்தை. வேகமாகப் பிளவுபடும் செல்களுக்கு மரபுப் பொருளை நகலெடுக்க ஃபோலிக் அமிலம் மிகுதியாக வேண்டும். அது போதாமையே இக்கேட்டின் பெரும்பகுதிக்குக் காரணம். பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஏழு நாடுகளில் நடத்திய பரிசோதனை 1991இல் முடிந்தபோது, முன்பு இப்படி ஒரு குழந்தையைப் பெற்ற தாய்மாருக்கு இந்த வைட்டமினைக் கருவுறும் முன்பிருந்தே கொடுத்தால் நூற்றுக்கு எழுபத்திரண்டு பங்கு தடுக்கலாம் என்று தெரியவந்தது.

இந்த வைட்டமினின் சரித்திரத்தில் நம் தேசத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பம்பாய் ஆலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளின் கடுமையான ரத்தசோகை ஈஸ்ட் சாற்றால் தீர்வதை லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியப் பெண்மணி 1931இல் எழுதினார். அந்தச் சாற்றில் இருந்த மருந்துதான் ஃபோலிக் அமிலம். அதை 1945இல் அமெரிக்காவில் ரசாயன முறையில் தயாரித்த குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, கதர் அங்கி அணிந்த குற்றத்துக்காக முழுப் பட்டம் மறுக்கப்பட்டவர் என்று சொல்லப்படும் எல்லாப்ரகடா சுப்பாராவ். கண்டறிந்தது பம்பாயில், செய்து கொடுத்தவர் சென்னையில் படித்தவர். அமெரிக்கா 1998இலேயே தானிய மாவில் அதைக் கட்டாயமாகச் சேர்த்துவிட்டது. நாம்?

நம்முடைய அரசு மாத்திரை தராமல் இல்லை. கர்ப்பிணிக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை நான்காம் மாதத்திலிருந்து கொடுக்கப்படுகிறது; அதற்கு முன் ஃபோலிக் அமிலத்தைத் தனியாகக் கொடுக்க வேண்டும் என்ற விதியும் ஏட்டில் இருக்கிறது. ஆனால் காலக்கணக்கைப் பாருங்கள். மாதவிலக்குத் தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆவதற்குள் அந்தக் குழாய் மூடிவிடுகிறது, அல்லது மூடாமல் நின்றுவிடுகிறது. ஐயமுற்று, மாமியாரிடம் சொல்லி, நாள் பார்த்து, சுகாதார நிலையத்தில் பெயர் பதியும் முதல் நாளிலேயே மாத்திரை கைக்கு வந்தாலும், பெரும்பாலான பெண்களுக்கு அது தாமதித்து வந்த மாத்திரைதான். எனவே இது கர்ப்பிணிக்குக் கொடுக்கும் மருந்தாக அன்றி, பிள்ளை பெறும் வயதிலுள்ள எல்லாப் பெண்களுக்கும் உணவோடு சேர்ந்துவிடுவதாக இருந்தால்தான் பிரயோஜனம்.

ரேஷனில் வரும் செறிவூட்டிய அரிசி இதைச் செய்யாதா என்று கேட்கலாம். கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் என்பது அதற்கு விதித்த அளவு. நானூறு கிராம் அரிசி தின்கிற பெண்ணுக்கும் அதிகம் போனால் ஐம்பது மைக்ரோகிராம் கிடைக்கும். வேண்டியதோ நாளுக்கு 400. மேலும் நம் ஊர்க் கதை தனி. அரிசிக்குப் பதிலாகப் பணத்தை வங்கிக் கணக்கில் போடும் சோதனை 2015இல் தொடங்கியபோது சண்டிகருடன் முதலில் அகப்பட்டது புதுச்சேரிதான். ரேஷன் கடைகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக்கிடந்து 2024இல்தான் மீண்டும் திறந்தன. பணத்தில் வைட்டமின் செறிவூட்ட முடியாது.

உப்பில் முடியும். இமயமலை அடிவாரத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கில் 1950களில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய சகாக்களும் அயோடின் சேர்த்த உப்பைக் கொடுத்துக் கழுத்துக் கழலை குறைவதை நிரூபித்த பிறகு, நாடு முழுவதும் அந்த உப்புக்கு மாறியது. அயோடினும் மூளை வளர்ச்சிக்கு இன்றியமையாதது. ஆகவே சமையலறை உப்பு வழியாகச் சிசுவின் மூளையைக் காப்பது நமக்குப் புதிய யோசனையே அல்ல. இரும்பும் அயோடினும் சேர்த்த உப்பை ராமநாதபுரம் வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்புக் கழகம் தயாரித்து வருகிறது. ஃபோலிக் அமிலத்தையும் சேர்த்த உப்பைத் தென்னிந்தியாவில் நான்கு கிராமங்களில் 83 பெண்களுக்கு நான்கு மாதம் கொடுத்துப் பார்த்ததில், ரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ மூன்றே முக்கால் மடங்கு உயர்ந்ததாக 2024இல் வெளியிட்டிருக்கிறார்கள். சிறிய சோதனைதான்; பெரியதாக ஒன்று நடத்துவதற்கு, மரக்காணத்து உப்பளங்கள் பக்கத்திலேயே இருக்க, பரப்பளவில் சிறிய நம் பிரதேசத்தைவிட வசதியான இடம் எது? ஃபோலிக் அமிலம் மிகுந்தால் பி–12 குறைவு வெளியே தெரியாமல் மறைந்துவிடக்கூடும் என்பது நியாயமான ஆக்ஷேபணை. மரக்கறி உண்பவர்கள் நிறைந்த நாட்டில் அதையும் உடன் சேர்ப்பதே உசிதம். ஜிப்மரும் சுகாதாரத் துறையும் உட்கார்ந்து பேசித் தீர்க்கக்கூடிய சங்கதி இது.

குழாய் மூடிய பிறகும் ஆபத்துகள் உண்டு. குறைமாதப் பிரசவத்தைப் பற்றி நிறைய எழுதலாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். 2020இல் நம் நாட்டில் ஏறக்குறைய முப்பது லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. முப்பத்திரண்டு வாரத்துக்கு முன் பிறக்கும் சிசுவுக்கு மூளையில் ரத்தம் கசிவது பெரும்பாலும், மேலே சொன்ன அறைச்சுவரை ஒட்டி இந்த ஸ்டெம் செல்கள் குடியிருக்கும் இடத்தில்தான்; அங்குள்ள ரத்தக் குழாய்கள் அந்த வயதில் அவ்வளவு மெல்லியவை. பிரசவத்துக்கு முன் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி அதைக் கணிசமாகக் குறைக்கிறது. நேரத்தில் போட்டால்.

மற்றொரு சத்துரு கொசுவின் வாயில் வருகிறது. 1947இல் உகாண்டாவின் ஸிகா வனத்தில் கண்டறிந்த ஸிகா வைரஸ் 2015இல் பிரேசிலில் பரவ, தலை சிறுத்த குழந்தைகள் நூற்றுக்கணக்கில் பிறக்கக் கண்டு உலகம் திகைத்தது. 2016 மார்ச்சில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், இந்த வைரஸ் பெருமூளையின் நரம்புத் தாய்ச்செல்களைத் தேடிப் புகுந்து, அவற்றின் பெருக்கத்தை முடக்கிக் கொன்றுவிடுகிறது என்று கிண்ணத்தில் வளர்த்த மனிதச் செல்களைக் கொண்டே காட்டினார்கள். முதிர்ந்த நியூரானைக் காட்டிலும் அதைப் பெறும் தாயை நாடுவதால்தான், தாய்க்கு இரண்டு நாள் காய்ச்சலாகத் தோன்றுவது சிசுவுக்கு ஆயுள் தண்டனையாகிறது. பிரேசிலைப் போன்ற துயரம் நம் நாட்டில் நேரவில்லை. ஆனால் வைரஸ் வந்திருக்கிறது. 2017இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒருவருக்கு, 2021இல் திருவனந்தபுரத்தில் பலருக்கு, 2024இல் புனேயில் கர்ப்பிணிகள் உட்படப் பலருக்கு. அதைச் சுமக்கும் ஏடிஸ் கொசுவோ, டெங்குவைச் சுமக்கும் அதே கொசு. தேங்காய் ஓட்டிலும் மாடித் தொட்டியிலும் பிரிட்ஜின் பின்தட்டிலும் தேங்கும் சுத்த ஜலத்தில் வாழ்ந்து பகலில் கடிக்கும் அது, வெள்ளையர் தெருக்கள், தமிழர் தெருக்கள் என்ற பேதம் பார்ப்பதில்லை.

இங்கேதான் இந்திரா நகரில் இருக்கும் வெக்டர் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தை நினைக்க வேண்டும். 1975இல் தொடங்கிய இந்த நிறுவனம், டாக்டர் பி.கே. ராஜகோபாலனின் தலைமையில் 1981 முதல் 1985 வரை நம் நகரத்துச் சாக்கடைகளையும் குட்டைகளையும் ஒழுங்குபடுத்தி யானைக்கால் கொசுவை அடக்கிய வேலையை உலகம் எடுத்துக்காட்டாகப் பேசியது. அதே நிறுவனத்தார், வொல்பாக்கியா என்ற பாக்டீரியத்தைப் புதுச்சேரி ஏடிஸ் கொசுவின் வம்சத்திலேயே ஏற்றி, வைரஸ் அதனுள் பெருக முடியாதபடி செய்த இரண்டு கொசுக் குலங்களை உருவாக்கியிருப்பதாக 2022இல் அறிவித்தார்கள். களத்தில் விடுவதற்கு அரசின் அனுமதியை எதிர்நோக்கியிருப்பதாகவும் அப்போதே சொன்னார்கள். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் இம்முறையால் டெங்கு 77 சதவீதம் குறைந்தது என்பது 2021இல் வெளிவந்த முடிவு. கொசுவை ஒழிக்கக் கொசுவையே விடுவதா என்று ஜனங்கள் சந்தேகிப்பது இயல்பு. கொசுக்களை மலடாக்கும் ஆராய்ச்சி ஒன்று டெல்லியில் 1970களில் நடந்தபோது, விவரம் சரியாகச் சொல்லப்படாமையால், அது அந்நிய யுத்த ஆயுதப் பரிசோதனை என்ற புகார் பார்லிமெண்ட் வரை போய், 1975இல் எல்லாமே நின்றுபோயிற்று. ஆகவே முத்தியால்பேட்டையிலும் நெல்லித்தோப்பிலும் வீதிக் கூட்டம் போட்டு, கேள்விக்குப் பதில் சொல்லி, பிறகு விடட்டும். இத்தனை ஆண்டு காத்திருப்புக்கு அந்தக் கூட்டங்கள் நடவாமல் இருப்பதே காரணமாகிவிடக் கூடாது.

கடைசியாக ஒரு யோசனை, செலவே அநேகமாக இல்லாதது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலிருந்தே பிறப்பு, இறப்பு, விவாகம் மூன்றையும் நகராட்சி ஏட்டில் பதிவு செய்வது நம் ஊரில் ஊறிப்போன பழக்கம். பிரெஞ்சுப் பிரஜைகளாக இருக்கும் குடும்பங்கள் விஷயத்தில் கேட்கவே வேண்டியதில்லை. கடற்கரைச் சாலையில் 2014 மழையில் இடிந்து விழுந்த, பழைய நகராட்சி மாளிகையாகிய மேரி கட்டடத்தைப் பழைய சாயலிலேயே கோடிகளைச் செலவிட்டுத் திரும்பக் கட்டியிருக்கிறோம். பழைய பழக்கத்தையும் ஓர் உபயோகத்துக்குக் கொண்டுவரலாமே. விவாகத்தைப் பதிய வரும் தம்பதியருக்குச் சான்றிதழோடு மூன்று மாதத்துக்கான ஃபோலிக் அமில மாத்திரையும், அது எதற்கு, எப்போது தொடங்க வேண்டும் என்று எளிய தமிழிலும் பிரெஞ்சிலும் அச்சிட்ட ஒரு தாளும், மிச்ச மாத்திரைக்கு எந்தச் சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும் என்ற விலாசமும் கொடுத்துவிடலாம். வலிப்பு மருந்து உண்பவர்களும், முன்பு இப்படி ஒரு குழந்தையை இழந்தவர்களும் அதிக அளவு எடுக்க வேண்டியிருக்கும் என்பதால், அவர்கள் வைத்தியரைப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும் என்பதையும் அந்தத் தாளில் தடித்த எழுத்தில் போட வேண்டும். பதிவு செய்யாமலே மணம் புரிகிறவர்களையும், இரண்டாம் குழந்தைக்கு ஆயத்தமாகிறவர்களையும் இது எட்டாது, அவர்களுக்கு உப்பு. நகராட்சி ஆணையரும் சுகாதார இயக்குநரும் ஒரு கடிதத்தில் முடித்துக்கொள்ளக்கூடிய ஏற்பாடு இது; அடுத்த முகூர்த்த மாதத்துக்குள் தொடங்கிவிடலாம்.